அவர் எடுக்காத கிண்ணம்

ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவனிடம் யாரும் வேதம் கேட்க வரமாட்டார்கள் என்று நம்பித்தான் இந்தத் தொழிலைத் தொடங்கினேன். நம்பினது பிழை. வாவிக்கரையில் எந்தச் சபையில் கூட்டம் நடந்தாலும் என்னுடைய பெட்டிகள்தான் முழங்குகின்றன. ஆகவே ஊரில் ஒரு கலியாணப் பேச்சு வந்தால்கூட ஆட்கள் என் கடை வாசலில் வந்து நிற்கிறார்கள். மாப்பிள்ளை வேதமாம், கிறிஸ்தவனாம், ஆனால் மாதா இல்லாத வேதமாம், அது என்ன வகை என்று ஒருவர் கேட்பார். மெதடிஸ்தக்காரரும் பெந்தெகொஸ்தேக்காரரும் ஒரே பைபிளைத்தானே வாசிக்கிறார்கள், பிறகு எதற்கு இரண்டு கட்டடம் என்று இன்னொருவர் கேட்பார். நான் களுதாவளைப் பிள்ளையாரின் ஆள். எனக்கு என்ன தெரியும்? இருந்தாலும் ஒரு கேள்வியையும் விடமாட்டேன், எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி அனுப்புவேன்.

அந்தப் பதில்கள் ஒன்றும் என்னுடையவை அல்ல. போன மாசியில் செத்துப்போன ஒரு மேசன் பாஸ் சொன்னவை. வீடு கட்டுகிற பெரிய கையை எங்கள் பக்கத்தில் பாஸ் என்றுதான் சொல்லுவோம். அவர் போதகர் அல்ல, வேதப்பள்ளியில் படித்தவரும் அல்ல. சபைகளுக்குக் கட்டடம் கட்டுகிறவர். ஆட்களை அடிக்கிறவர். இரண்டையும் ஒரே கையால் செய்தார்.

குட்டையான ஆள். உலக்கைக்குச் சட்டை போட்டுவிட்டது போல ஒரு கழுத்து. சீமெந்து தின்ற விரல்கள். இடுப்பில் எப்போதும் சாந்து பூசுகிற இரும்புக் கரண்டி, சாந்தகப்பை, செருகியிருக்கும். புதிதாக ஒரு போதகர் கோயில் கட்ட வேண்டும் என்று வந்தால் அவர் வரைபடம் கேட்கமாட்டார். மூன்று கேள்விதான் கேட்பார். தெளிப்பா, முக்கா? நடுவில் பலிபீடமா, பிரசங்க பீடமா? திருவிருந்தில் குடிக்கிறது ஒரே கிண்ணமா, சின்னச் சின்னக் கிண்ணமா?

அந்த மூன்று பதிலில் முழுக் கட்டடமும் அவருக்குத் தெரிந்துவிடும். குழந்தைக்கு நெற்றியில் மூன்று சொட்டுத் தெளித்து ஞானஸ்நானம் கொடுக்கிற சபை என்றால் வாசலோடு இடுப்பளவில் ஒரு கல்தொட்டி போதும். வளர்ந்த ஆளைத் தலையோடு முக்குகிற சபை என்றால் மேடைக்குக் கீழே குழி, படி, வடிகால் என்று சீமெந்து மூட்டை கூடும். நடுவில் பலிபீடம் என்றால் அங்கிலிக்கன். நடுவில் பிரசங்க பீடம் என்றால் மெதடிஸ்தமோ பப்ரிஸ்ற்றோ. ஒரே கிண்ணம் என்றால் முழங்காலில் நிற்க முன்னால் ஒரு கிராதி. சின்னக் கிண்ணம் என்றால் தட்டு வாங்கு வாங்காக, இருக்கை வரிசைப்படி போகும், நடுவே ஆள் நடக்க வழி விட வேண்டும். ஆவி வந்து அந்நியபாஷை பேசுகிற சபை என்றால் மேடைக் கொங்கிறீற்று நாலு அங்குலம் கூட. ஏன் என்று கேட்டேன். குதிப்பார்களாம்.

போப்பாண்டவரைப் பற்றி ஒருமுறை கேட்டேன். "அது மாதா கோயில்காரருக்கு. இவங்களுக்கு ஆளுக்கொரு போப். அதாலதான்கா எனக்கு வேலை முடியிதில்ல" என்றார்.

இதிலெல்லாம் பிழைகள் இருக்கலாம். திருத்த வந்தவர்களை அவர் அடித்துவிட்டதால் எனக்குச் சரியான பாடம் கிடைக்கவில்லை.

அவருடைய கையை நான் முதன்முதல் கண்டது வாவிக்கரையில் ஒரு ஜெபவீடு எழும்பிக்கொண்டிருந்தபோது. நான் ஏணியில் நின்று விசிறிக்கு வயர் இழுத்துக்கொண்டிருந்தேன். லொறிக்காரன் ஒருவன் ஒரு குவியல் மண்ணைக் கொட்டிவிட்டு, ஆற்று மண் என்றான். பாஸ் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார். கடல்நீர் ஏறுகிற வாவியின் மண். உப்பு. அந்த மண்ணில் பூசினால் இரண்டு மாரியில் சுவர் பொருக்குப் பொருக்காகக் கழலும். லொறிக்காரனை அவர் ஏசவில்லை. "நக்கு" என்றார். அவன் சிரித்தான். சிரித்த முகம் அப்படியே குவியலுக்குள் போனது. பிடரியில் பாஸின் கை. கால்கள் இரண்டும் மண்ணை உதைத்தன. தூக்கி எடுத்து, "உப்பிரிக்கா இல்லையா, வாயத் துறந்து செல்லு" என்று கேட்டார். வாய் திறந்தது, மண்ணும் இரத்தமும் வந்தன, சொல் வரவில்லை. மறுபடியும் குவியலுக்குள்.

மனிதாபிமானம் உள்ளவன் என்றால் இறங்கி ஓடிப்போய்ப் பிடித்திருப்பான். நான் மேலே ஏறினேன். ஏணி முடிந்தது. அதற்குப் பிறகு கூரைத் தீராந்தியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, என்னுடைய பிள்ளையாரையும் கீழே இன்னும் குடிவராத அவர்களுடைய இயேசுவையும் சேர்த்துக் கும்பிட்டேன். லொறிக்காரன் ஒருவழியாக "உப்பு" என்றதும் பாஸ் அவனை விட்டார். வாய் கழுவத் தண்ணீரும் அவரே அள்ளிக் கொடுத்தார். பிறகு மேலே பார்த்து, விசிறியைத் தீராந்தியிலா கட்டப்போகிறாய் என்று என்னைக் கேட்டார்.

அந்த மூன்று கேள்விகளுக்கு மேல் அவரிடம் ஒரு நாலாவது கேள்வி இருந்தது. அது கட்டடத்துக்கு அல்ல. அடித்தவன் மன்னிப்பை யாரிடம் கேட்க வேண்டும், கடவுளிடமா, அடி வாங்கினவனிடமா? வேலை முடிகிற நாளில் ஒவ்வொரு போதகரிடமும் இதைக் கேட்பார். ஒரு நாள் மத்தியானம் சோறு தின்றுகொண்டிருந்தபோது என்னிடமும் கேட்டார். பகிடி விடாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அடித்தவன் முதலில் டாக்குத்தரிடம்தான் கேட்க வேண்டும், எத்தனை தையல் என்று, என்றேன்.

எப்போது அவருடைய கை எழும்பியது என்று தெரியாது. என்னுடைய சோற்றுப் பார்சல் இரண்டு முழத்துக்கு அப்பால் கிடந்தது. இடது காதில் மைக்கைப் பெட்டிக்குக் கிட்டக் கொண்டுபோனால் வருகிற அந்தக் கூவல். இன்றைக்கும் மழை இருட்டினால் அந்தக் காது கூவும். ஒலிபெருக்கிக்காரனுக்கு ஒரு காது போவது எவ்வளவு வசதி என்று பிறகுதான் விளங்கியது. பாட்டுக் கேட்கவே தேவையில்லாத சபைகள் எத்தனையோ உண்டு.

அடித்துவிட்டு ஓடிப்போய்ச் சோடா வாங்கிவந்தார். என் பக்கத்தில் குந்தியிருந்து ஒரு மணித்தியாலமாக, "இப்ப கேக்குதா மனே? இப்ப?" என்று கேட்டுக்கொண்டேயிருந்தார். கேட்கிறது என்றால் திரும்பவும் அடிப்பாரோ, கேட்கவில்லை என்றால் அடிப்பாரோ என்று தெரியாமல் தலையை நாலு திசைக்கும் ஆட்டினேன். அந்த ஒரு மணித்தியாலத்தில்தான் தம்பியின் கதையைச் சொன்னார்.

தகப்பன் பழைய மிஷன் கோயில்காரர். குழந்தையில் நெற்றியில் தண்ணீர் தெளிக்கப்பட்டு, எண்பது வயது வரைக்கும் அதே கோயிலில் மணியடித்தவர். அவர் செத்து எட்டாம் நாள் பாஸ் சேமக்காலையில் கல்லறைக்கு வரம்பு பூசிக்கொண்டிருந்திருக்கிறார். அப்போதுதான் முக்குகிற சபைக்குப் போயிருந்த தம்பி வந்திருக்கிறான். கையில் பைபிள். விசுவாசித்து முழுகி எழும்பாதவனுக்கு இரட்சிப்பு இல்லை, குழந்தைக்குத் தெளித்தது கணக்கில் வராது என்றிருக்கிறான். பிறகு மண்ணைக் காட்டி, அப்பா இப்போது எங்கே இருக்கிறார் என்று நினைக்கிறாய் என்று கேட்டிருக்கிறான்.

சாந்தகப்பை பாஸின் கையில் இருந்தது. அவ்வளவுதான் சொன்னார். தம்பியின் வலது கண் அந்த வரம்புக்குப் பக்கத்தில் போனது. பொலிசுக்குத் தம்பி, கம்பியில் விழுந்துவிட்டேன் என்று எழுதிக்கொடுத்தான். அதற்குப் பிறகு இரண்டு பேரும் கதைக்கவில்லை.

நாலாவது கேள்விக்குக் கிடைத்த பதில்களை எல்லாம் பாஸ் எனக்கு ஒப்புவித்திருக்கிறார். அங்கிலிக்கன் ஐயா, ஞாயிறு தோறும் எல்லாரும் சேர்ந்து முழங்காலில் நின்று சொல்லுகிற பாவ அறிக்கை இருக்கிறதே என்றாராம். நல்லதுதான், ஆனால் எல்லாரும் ஒன்றாகச் சொன்னால் என்னுடையது யாருக்குக் கேட்கும் என்று பாஸ் யோசித்தார். மெதடிஸ்தப் போதகர், காணிக்கையை அப்படியே வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்று வேதம் சொல்கிறது என்றார். போனேன், கதவைத் திறக்கிறானில்லை, அதற்கு வேதம் என்ன சொல்கிறது என்று இவர் கேட்டார். போதகர் கதவுக்காக ஜெபித்தார். மூன்றாவது ஒரு சின்னச் சபைப் பாஸ்டர், விசுவாசம் ஒன்றே போதும், அந்தப் பாவத்தைக் கர்த்தர் கடலின் ஆழத்தில் போட்டுவிட்டார், நீங்கள் அதைத் தோண்டக் கூடாது, மறந்துவிடுங்கள் என்றார். அந்தப் பாஸ்டருக்குத்தான் கடைவாய்ப் பல் போனது. "கண் போனது அவன்ர. மறக்கச் செல்ல நீ ஆர்?" என்று கேட்டபடியே அடித்தாராம். பாஸ்டர் கிறுகி விழுந்த இடத்திலும் இன்னொன்று.

தம்பி சொன்னது மெய்யோ என்று பார்க்க அவரே போய் முழுகினார். ஒரு சபையில் அல்ல, மூன்று சபைகளில், மூன்று தரம். இரண்டு தொட்டி அவர் கட்டியவை, ஒன்று வாவி. ஒவ்வொரு தரமும் நான் மைக் பிடித்துக்கொண்டு கரையில் நின்றேன். மூன்றாம் தரம் எழும்பி வந்து என் காதுக்குள், "ஒண்டும் தெரியல்ல. குளிரிது" என்றார்.

ஆனால் திருவிருந்துத் தட்டு வந்தால் எடுக்கமாட்டார். சின்னக் கிண்ணங்களில் முந்திரிகைச் சாறு சிவப்பாக ஆடிக்கொண்டு வரும். வாங்கு வாங்காகக் கை மாறும். அவரிடம் வந்ததும் இரண்டு கையாலும் வாங்கி, ஒரு சொட்டுச் சிந்தாமல் அடுத்தவரிடம் கொடுப்பார். இத்தனை கிராதி கட்டினவர் ஒன்றிலும் முழங்காலில் நிற்கவில்லை. ஏன் என்று கேட்கிற தைரியம் எனக்கு வரவில்லை. எனக்கு மிச்சம் இருந்தது ஒரு காது.

இப்போது என்னுடைய பங்கைச் சொல்ல வேண்டும். அந்தத் தம்பி இந்த வாவிக்கரையில் பெரிய சாட்சிக்காரனாகிவிட்டான். சாட்சி என்றால், தன் வாழ்க்கையில் கர்த்தர் செய்ததை மேடையில் எழும்பிச் சொல்வது. எந்தச் சபைக் கூட்டம் என்றாலும் அவனைக் கூப்பிடுவார்கள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றுவான். மூடிக் குழிந்த கண்ணைக் காட்டுவான். "என் கண்ணைப் பறித்த என் சொந்த அண்ணனை நான் முழு இருதயத்தோடு மன்னித்தேன்" என்பான். சனம் அழும். எத்தனை தரம் கேட்டிருப்பேன் என்றால், "கண்" என்று அவன் வாய் திறக்கும்போதே என் விரல் எக்கோவில் இருக்கும். "மன்னித்தேன்" வரும்போது இன்னும் கொஞ்சம் கூட்டுவேன். தொழில் பக்தி.

பின்னேரங்களில் வாவியில் சத்தம் தடையில்லாமல் போகும். அக்கரையில் கூட்டம் என்றால் பழுகாமம் வரைக்கும் கேட்கும். பாஸ் அங்கே தன் வீட்டுப் படியில் குந்தியிருந்து, தனக்குக் கிடைத்த மன்னிப்பை என்னுடைய பெட்டிகள் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். வருசக் கணக்காக. "ஊருக்கெல்லாம் செல்லுறான்கா. எனக்கு ஒருக்காச் செல்லல்லையே" என்று என்னிடம் சொன்னபோது நான் வாடகையைக் குறைத்துவிட்டேன் என்பது போல எதையோ உளறினேன்.

அந்தத் தம்பி மூப்பராக இருந்த சபைதான் புதிதாக ஒரு கட்டடம் எழுப்பியது. எந்தப் பெரிய சபையோடும் சேராத தனிச் சபை. பாஸ்டர் இளந்தாரி, மேடைக்கு ஆசைப்பட்டவர். வேலையை வேண்டுமென்றே அண்ணனிடம் கொடுத்தார். திறப்பு நாளில் சாட்சி முடிந்ததும் அண்ணனும் தம்பியும் மேடையில் கட்டிப்பிடிக்க வேண்டும், அதை வீடியோ எடுக்க வேண்டும் என்பது அவருடைய தரிசனம். பாஸ் ஒப்புக்கொண்டார், ஒரே ஒரு நிபந்தனையோடு. அதற்கு முதல் தம்பி தன்னிடம் வந்து, மைக் இல்லாமல், ஒரு சொல் சொல்ல வேண்டும். பாஸ்டர், அதெல்லாம் செய்வோம் என்றார்.

நான்கு மாதம் அந்த வேலை நடந்தது. தம்பி தினமும் பார்க்க வருவான், பத்து முழம் தள்ளி நிற்பான். இரண்டு பேருக்கும் நடுவில் நான். தண்ணீர் எவ்வளவு ஆழம் வேண்டும் என்று கேள் என்பார் இவர். நெஞ்சளவு என்று சொல்லு என்பான் அவன். யாருடைய நெஞ்சு என்று கேள் என்பார் இவர். இந்தச் சுப்பிரீம் கோட்டு வழக்கைத் தீர்க்க என்னைக் குழிக்குள் இறக்கி நிறுத்தி, என் நெஞ்சில் கரிக்கோடு போட்டார்கள். அந்தத் தொட்டி இன்றைக்கும் என் அளவுதான். அதற்குள் நிற்கும்போது மேலே இருந்து இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். ஒரே நெற்றி, ஒரே கழுத்து, மூன்று கண்.

தம்பி கடைசிவரை வந்து அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. திறப்பு நாள் வந்துவிட்டது.

காலையிலேயே தொட்டியில் தண்ணீர் நிரப்பியிருந்தது, அன்று எட்டுப் பேருக்கு ஞானஸ்நானம். மேடைக்கு வயர் போதாமல், கரண்டு எடுக்கிற நீட்டுப் பலகையை நான் தொட்டி விளிம்பில் வைத்திருந்தேன். முப்பது வருச அனுபவம் உள்ளவன் செய்கிற வேலை. பாஸ் விளிம்பில் ஒரு வெடிப்பைப் பூசி முடித்துவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போய்க் கடைசி வாங்கில் இருந்தார். சாந்தகப்பை இடுப்பில்.

தம்பி சாட்சியைத் தொடங்கினான். கண்ணாடி கழன்றது. கண் வந்தது, எக்கோ போட்டேன். மன்னித்தேன் வந்தது, கூட்டினேன். வழமையாக அங்கே முடியும். அன்றைக்கு அண்ணன் சபைக்குள் இருக்கிறார் என்ற ஆவியோ என்னவோ, அவன் நிறுத்தவில்லை. "ஆனால் என் தகப்பனுக்காக அழுகிறேன். மூன்று சொட்டுத் தண்ணியை நம்பிப் பாதாளத்துக்குப் போனாரே" என்றான்.

பாஸ் எழும்பினதை நான் கண்டேன். என் கை சத்தத்தைக் குறைக்கிற திருகில்தான் இருந்தது. குறைத்திருக்கலாம். பயத்தில் திருகினேன், மறுபக்கம் திருகிவிட்டேன். பாதாளம், பாதாளம், பாதாளம் என்று நாலு சுவரிலும் முட்டி வந்தது.

அவர் ஓடவில்லை, நடந்தார். முதலில் மறித்த பொடியனுக்கு முழங்கையால் ஒன்று, மூக்கு உடைந்து கீபோட்டின் வெள்ளைக் கட்டைகளில் இரத்தம் தெறித்தது. இரண்டாவது ஆள் டிரம் செட்டுக்குள் போனான், தட்டுகள் எல்லாம் ஒன்றாக அலறின. மூன்றாவது ஆள் பின்னால் நின்று நீலப் பிளாஸ்டிக் கதிரையால் அவர் முதுகில் போட்டான். கதிரைதான் உடைந்தது. அதன் காலைப் பிடுங்கி அவன் தாடையில் கொடுத்துவிட்டு நடந்தார். பாஸ்டர் அவருடைய இடுப்பைக் கட்டிக்கொண்டு தொங்கினார், பாஸ்டரையும் சேர்த்து இழுத்துக்கொண்டே போனார். தம்பியின் கொலரில் கை விழுந்தது. பாஸ்டர் கழன்றார். அண்ணனும் தம்பியும் தொட்டிக்குள் போனார்கள்.

தண்ணீர் எழும்பி முன் வாங்கை நனைத்தது. அவர் தம்பியின் பிடரியைப் பிடித்துக் கீழே அமுக்கினார். முக்கி எடுப்பதற்கு ஒரு கணக்கு உண்டு, நான் நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன், ஒரு மூச்சு. இது ஒரு மூச்சு அல்ல. கால்கள் அடித்தன. மைக்கும் உள்ளே விழுந்து பெட்டிகள் எல்லாம் குமுறின. சனம் கத்தியது, யாரோ அந்நியபாஷையில் ஜெபித்தார், யாரோ சுத்தத் தமிழில் தூஷணம் பேசினார். அடித்த தண்ணீர் விளிம்பில் இருந்த என் நீட்டுப் பலகைக்கு ஒரு விரல் தூரத்தில் வந்து நின்றது.

அதைக் கண்டதும் எனக்கு உயிர் போனது. அவர்களைக் காப்பாற்ற வேண்டும் என்று ஓடினேன் என்று எழுதலாம். உண்மையில், இரண்டு பேர் கரண்டடித்துச் செத்தால் பொலிஸ் என்னைத்தான் பிடித்து மறியலில் போடும் என்று ஓடினேன். சொந்த வயரிலேயே கால் சிக்கி, சொந்தப் பெட்டியிலேயே நெற்றி அடித்து, தவழ்ந்து போய் மெயின் சுவிச்சை இழுத்தேன்.

எல்லாம் நின்றது. பெட்டி, விசிறி, கீபோட். சனமும் ஏனோ வாயை மூடிக்கொண்டது. அந்தக் கட்டடத்துக்குள் ஒரே ஒரு சத்தம்தான் மிஞ்சியது. தொட்டிச் சுவரில் தம்பியின் கால் அடிக்கிற சத்தம்.

பாஸ் அதைக் கேட்டார். நின்றார். தம்பியைத் தூக்கி எடுத்தார்.

"மைக் செத்துப் போச்சி. இப்ப செல்லு. எனக்குச் செல்லு. மன்னிச்சியா?"

தம்பி தண்ணீரைக் கக்கினான். மிச்சமிருந்த கண் இரத்தமாகச் சிவந்திருந்தது.

"இல்ல."

பாஸ் கொலரை விட்டார்.

"ஒரு நாளும் இல்ல. ஒவ்வொரு நாளும் முகம் கழுவக்குள்ள உன்னக் கொல்லோணும் எண்டுதான் நினைக்கன்."

அண்ணனுடைய முகத்தில் அப்போது வந்ததை எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. வருசக் கணக்காக இறுக்கிப் பிடித்திருந்த எதையோ விட்டது போல இருந்தது. போய்த் தொட்டிப் படியில் குந்தினார். இடுப்பிலிருந்த சாந்தகப்பையை எடுத்து, பிடி தம்பியின் பக்கம் இருக்கும்படி விளிம்பில் வைத்தார். இரண்டு கையாலும் தான் பூசின படியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முகத்தை உயர்த்தினார்.

தம்பி சாந்தகப்பையைப் பார்த்தான். எடுத்து எறிந்தான். அது மேடையில் போய் விழுந்தது. பிறகு கையால் அடித்தான். முதல் அடியில் புருவம் பிளந்தது. இரண்டாவதில் உதடு. மைக் சோதிக்கிற பழக்கத்தில் நான் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டிருந்தேன், பதினாலுக்குப் பிறகு விட்டுவிட்டேன். இரண்டு முன்பல் தண்ணீருக்குள் விழுந்தன. பாஸின் கை படியை விட்டு எழும்பவேயில்லை. யாரும் மறிக்கவில்லை. அடிக்கிறவன் அழுதான், வாங்கினவர் அழவில்லை. தம்பியின் கை வீங்கி மடங்காமல் போனபிறகுதான் அது நின்றது.

ஆஸ்பத்திரிக்கு என்னுடைய ஓட்டோவில்தான் ஏற்றினேன். வேறு வாகனம் இல்லை. பின்னால் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில், நனைந்து, இரத்தம் வடிய. முன்னால் நான், கண்ணாடியில் அவர்களைப் பார்த்துக்கொண்டு, ரோட்டைப் பார்க்காமல்.

"முடிஞ்சிதா?" என்று பல்லில்லாமல் கேட்டார் அண்ணன்.

"இல்ல. இன்னும் கிடக்கு."

பிறகு அண்ணன், "அப்பா எங்க எண்டு செல்லுறாய்?" என்று கேட்டார். நான் ஓட்டோவை விட்டுக் குதிக்கலாமா என்று யோசித்தேன். தம்பி வெளியே வாவியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்குத் தெரியா" என்றான்.

இத்தனை போதகரில் ஒருவரும் அவருக்குச் சொல்லாத பதில் அது. பாஸ் தலையை ஆட்டினார். அந்த நேரம் நான் ஆஸ்பத்திரியைத் தாண்டிக் கல்லடிப் பாலத்தில் ஏறிவிட்டிருந்தேன்.

டாக்குத்தர் என்ன நடந்தது என்று கேட்டபோது இரண்டு பேரும் ஒரே வாயால், விழுந்துவிட்டோம் என்றார்கள். எங்கே என்று கேட்டார். ஒரே இடத்தில் என்றார்கள். என் நெற்றிப் புடைப்பைப் பார்த்து, நீயுமா என்றார். நானும்தான் என்றேன்.

அந்தக் கிழமை முழுக்க ஊரில் ஒரே வழக்கு. ஏற்கெனவே முழுகினவனைத் திரும்பவும், அவனுடைய விருப்பம் இல்லாமல் முக்கினால் அது ஞானஸ்நானம் ஆகுமா? விருப்பம் இல்லாவிட்டால் ஆகாது என்றது முக்குகிற கட்சி. குழந்தையிடம் யார் விருப்பம் கேட்டார்கள், ஆகும் என்றது தெளிக்கிற கட்சி. தையல் போட்ட வாயோடு கிடந்த பாஸிடம் நான் போய்க் கேட்டேன். "அது ஞானஸ்நானம் இல்ல. கொல்லத்தான் முக்கினன்" என்றார். அப்படியானால் ஏன் தூக்கினீர்கள் என்று கேட்டேன். "எல்லாம் நிண்டு போச்சி. மறுகா அவன்ர கால் அடிக்கிற சத்தம் கேட்டிச்சி" என்றார்.

பயந்து சுவிச்சை இழுத்து ஒரு கொலையைத் தடுத்த ஒரே ஒலிபெருக்கிக்காரன் நான்தான். இதை யாரும் மேடையில் சாட்சியாகச் சொல்லக் கூப்பிடவில்லை.

அடுத்த ஞாயிறு அந்தச் சபையில் திருவிருந்து. என்னுடைய அம்பிளிபயரும் மைக்கும் நனைந்து செத்திருந்தபடியால் கழற்றிக்கொண்டு போக வந்தேன், கூட்டம் தொடங்கிவிட்டதால் கடைசி வாங்கில் இருந்தேன். பக்கத்தில் பாஸ். முகம் ஊதி, உதட்டில் கறுப்பு நூல். பாஸ்டர் தொண்டை கிழியக் கத்தியும் முன் வாங்குக்கு அப்பால் கேட்கவில்லை. மூப்பர் என்ற முறையில் தம்பிதான் தட்டோடு வந்தான். கையில் கட்டு, கண்ணாடி போடவில்லை. எங்கள் வாங்குக்கு வந்தான். என்னைத் தாண்டினான், நான் பிள்ளையாரின் ஆள் என்று அவனுக்குத் தெரியும். அண்ணனின் முன்னால் தட்டை நீட்டினான்.

பாஸ் வழக்கம் போல இரண்டு கையாலும் தட்டை வாங்கி அடுத்தவரிடம் கொடுக்கப் போனார். தம்பி தட்டை விடவில்லை. இரண்டு பேரின் பிடியில் கிண்ணங்கள் நடுங்கின. நான் வாங்கின் நுனிக்கு நகர்ந்தேன், ஓடுவதற்கு வசதியாக.

"இன்னும் கிடக்கு எண்டாய்" என்றார் பாஸ்.

"கிடக்கு. எடு."

அந்தத் தடித்த விரல்களுக்குள் சின்னக் கிண்ணம் தெரியவில்லை. குடித்தார். சாறு தையலில் பட்டது. முகம் சுருங்கியது.

"எரியிதா?" என்று கேட்டான் தம்பி.

"எரியிது."

"எரியட்டும்" என்று சொல்லிவிட்டுத் தட்டை அடுத்த ஆளிடம் நகர்த்தினான்.